கய்ஹுவாவின் பன்றி மாத்திரை

கய்ஹுவா என்ற பெயரை யுன்ஷியா முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி ஷான்சி மலைப்பக்கத்து அந்த ஊருக்கு வந்த மூன்றாம் நாள். வாசலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். "கய்ஹுவா வர்றாடீ!" என்று மேலைத் தெருவிலிருந்து ஒரு கூவல். அவ்வளவுதான், எதிர்வீட்டுக்காரி ஆறுமாத வயிற்றோடு பின்சுவர் ஏறி மக்காச்சோளக் கொல்லைக்குள் மறைந்தாள். ஏதோ ஓநாய்தான் இறங்கிவிட்டது என்று யுன்ஷியா நினைத்தாள். வந்தது ஒரு குட்டையான பெண்பிள்ளை. தோளில் பச்சைத் துணிப்பை.

"எர்பாவ் பொண்டாட்டியா? நான் உனக்கு அக்கா முறை," என்றாள்.

முறைதான். யுன்ஷியாவின் மாமனாருக்கு ஓர் அண்ணன். அவருடைய மூத்த மகனைக் கட்டியவள் கய்ஹுவா. அவள் பார்த்தது குடும்பக்கட்டுப்பாட்டு வேலை. யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்ற சீட்டு அவள் கையால் வரும். பிள்ளை தங்காமலிருக்க மாத்திரையும் அந்தப் பச்சைப் பையிலிருந்து வரும். சொந்த நாத்தனாரையே ஆபரேஷனுக்கு இழுத்துப்போனவள் என்று ஊர் இன்னும் சொல்லும்.

அடுத்த பனிக்காலத்தில் யுன்ஷியாவுக்கு ஆண்குழந்தை பிறந்தது. மண்டையின் மேல்பாகம் மூடவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. மாமியார் அதை வைக்கோலில் சுற்றி ஓடைப்பள்ளத்துக்குக் கொண்டுபோனாள். அந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. அதே வருஷம் கீழைத் தெருவில் ஒன்று, முதுகு பிளந்து பிறந்தது.

பனி உருகியபின் நகரத்திலிருந்து டாக்டர்கள் வந்து ரத்தம் எடுத்தார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். உருளைக்கிழங்கு, மாவு, புளிக்கவைத்த கோஸ். பனி விழுந்துவிட்டால் அப்புறம் கீரை கண்ணில் படாது. அவர்கள் போனபின் கய்ஹுவா ஒரு சீட்டோடும் வெள்ளை பாட்டிலோடும் வந்தாள்.

"இன்னொண்ணு பெத்துக்கலாம்னு சீட்டு வாங்கியாச்சு. ஆனா இன்னிலேருந்து தெனம் ஒண்ணு முழுங்கு. ஃபோலிக் மாத்திரை, கீரையில இருக்கற சத்து."

"இன்னும் தங்கவே இல்லையேக்கா. இப்பவே எதுக்கு?"

கய்ஹுவா பிசைந்திருந்த மாவில் ஒரு துண்டைக் கிள்ளித் தட்டினாள். "புள்ள மொதல்ல இப்படித் தட்டையாத்தான் இருக்குமாம். அப்புறம் ரெண்டு ஓரமும் மேல எழும்பி ஒட்டிக்கும்." மடித்து, விளிம்பைக் கிள்ளி மூடினாள். "அதுதான் மூளை, முதுகுத்தண்டு எல்லாம். மொத மாசத்துலயே முடிஞ்சுடுமாம். நாள் தள்ளிப்போச்சேன்னு நீ யோசிக்கறப்ப மூடியிருக்கும், இல்லாட்டி இல்ல. அப்புறம் தின்னு என்ன பண்றது?"

மாமியார் அடுப்படியிலிருந்து கத்தினாள். "இத்தன வருஷம் புள்ள வராம இருக்க மாத்திரை குடுத்த பை! இப்ப புள்ளைக்கு நல்ல மாத்திரை வருதாக்கும், அதே பையிலேருந்து!"

"பை ஒண்ணுதான் சின்னத்தே. மாத்திரை வேற."

யுன்ஷியாவுக்கு வேண்டியது ஒரு பிள்ளை, மண்டை மூடிய பிள்ளை. இதை விழுங்கி வயிறே அடைத்துப்போனால்? முகதாட்சண்யத்துக்காக வாங்கிக்கொண்டாள். தினமும் ஒன்றைத் தவிட்டுக் கஞ்சியில் கரைத்துப் பெண்பன்றிக்கு வைத்தாள். பன்றி சினை பிடிக்கவில்லையென்றால் கய்ஹுவாவின் குட்டு உடைந்துவிடும் என்று அவளுக்குள் ஒரு யோசனை.

பன்றி சினைபிடித்தது. வழக்கமாக ஆறோ ஏழோ போடுவது, இந்தத் தடவை பதிமூன்று போட்டது. மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பாட்டில் தீர்ந்ததா என்று பார்க்க வந்த கய்ஹுவாவிடம் யுன்ஷியா தலைகுனிந்து உண்மையைச் சொன்னாள்.

கய்ஹுவா பட்டிக்குப் போய்க் குட்டிகளைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"பண்ணிக்கு நான் சீட்டே குடுக்கலையே," என்றாள்.

மாமியார் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கய்ஹுவா சிரிக்கவில்லை. "நல்லவேளை, உனக்கு இன்னும் தங்கல," என்று புது பாட்டிலைத் திறந்தாள். "என் கண் முன்னால முழுங்கு." யுன்ஷியா விழுங்கினாள்.

அதன்பின் ஊரில் அதற்குப் பன்றி மாத்திரை என்றே பெயர். சுவர் ஏறிக் குதித்த எதிர்வீட்டுக்காரிகூட, "பதிமூணெல்லாம் வேணாம், ஒண்ணு போதும்," என்று வந்து கேட்டாள். அத்தனை குட்டிகள் அந்த வருஷம் சேர்த்த புது ஆண்பன்றியின் வேலையாக இருக்கலாம், மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கய்ஹுவா அதை யாரிடமும் சொல்லப் போகவில்லை.

மறுவருஷம் யுன்ஷியாவுக்குப் பெண் பிறந்தது. மாமியார் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சந்தலையிலிருந்து வால் எலும்புவரை உள்ளங்கையால் தடவினாள். மறுபடியும் தடவினாள். "மூடியிருக்கு," என்று பிள்ளையைத் தாயிடம் கொடுத்தாள்.

கீழைத் தெருக்காரியும் ஒழுங்காக விழுங்கியவள்தான். அவளுக்கு மறுபடியும் முதுகு பிளந்தே பிறந்தது. முக்கால்வாசிக்குமேல் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்காது என்று டாக்டர்கள் முன்பே சொன்னதுதான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? வாசலில் போய் நின்ற கய்ஹுவாமேல் பாத்திரம் கழுவிய தண்ணீர் விழுந்தது. மறுநாள் உலர்ந்த சட்டையோடு போனாள். இந்தமுறை பிள்ளையைப் பள்ளத்துக்குப் போகவிடவில்லை. தாயையும் பிள்ளையையும் டிராக்டரில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். முதுகைத் தைத்து மூடினார்கள். அந்தப் பையன் காலில் தாங்குபட்டை மாட்டி நடக்கிறான்.

கய்ஹுவா இப்போது வட்டார நகரத்தில், இளைய மகள் வீட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறாள். ஊரில் அந்த மாத்திரைக்கு இன்னும் பன்றி மாத்திரை என்றுதான் பெயர்.