சேவல் தந்த நிறம்

"முட்டைச் சேவல் போயிட்டாருண்ணே, நேத்து சாயந்தரம்." லகாட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னவருக்கு அந்தப் பெயரின் கதை தெரியாது. சவேரிமுத்து என்ற நேர்மையான மனிதருக்கு அந்தப் பெயர் ஒட்டியது என்னால். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் நாங்கள் ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் வேலை நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த நாட்கள். துரை பங்களாவில் கோழி பார்த்தவர் சவேரி. ஓடிப்போன துரை விட்டுச்சென்ற வெள்ளைச் சேவல் அவரிடம் இருந்தது. என் சிவப்புப் பெட்டையை அவரிடம் வாரத்துக்கு விட்டேன். வளர்ப்பது அவர், குஞ்சில் பாதி எனக்கு.

என் பெட்டையின் முட்டை நல்ல தவிட்டு நிறம். பங்காக வந்த அதன் குஞ்சு வளர்ந்து முதல் முட்டை போட்டபோது, முட்டைத்தோடு வெளுத்துச் சந்தன நிறத்தில் இருந்தது. குஞ்சை மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். பசிக்காலத்தில் கோழித்திருடன் என்ற பேச்சு வந்தால் நாங்கள் குடியிருந்த லயத்தில் தலைநிமிர முடியாது. அது தெரிந்தே எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"இல்லண்ணே, தோட்டு நிறம் தாய்கிட்டருந்து மட்டும் வரல, அப்பன்கிட்டருந்தும் வருது. இந்தச் சேவல் வெள்ளை முட்டை வம்சம். ரெண்டும் கலந்துதான் இப்படி."

"சேவல் என்னைக்கு மச்சான் முட்டை போட்டுச்சு? நீ பாத்தியா?" என்றேன்.

"கூவிக்கிட்டே போடும்லா!" என்றான் ஒருவன். லயமே சிரித்தது. அன்று ஒட்டிய பெயர்தான்.

சவேரி சிரிக்கவில்லை. "கூடப் பொரிச்ச மத்த பொட்டைங்களும் போடட்டும்ணே, பாத்துட்டுப் பேசலாம். அவசரப்படாதீங்க" என்றார். அன்று மத்தியானமே அந்தக் கோழியை அறுத்துவிட்டேன்.

ஜப்பான் சண்டை ஓய்ந்தபின் ஈப்போவில் நானே கோழி வளர்த்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன், கூண்டு கூண்டாகப் பிரித்து வைத்துப் பார்த்தே கற்றேன். வெள்ளை முட்டை வம்சத்துச் சேவலோடு விட்டும் தவிட்டு முட்டைப் பெட்டையின் முட்டை நிறம் மாறவில்லை. அதன் மகள்கள் இட்டவைதான் இரண்டுக்கும் நடுவான நிறத்தில், ஒன்றுக்கொன்று சற்றே மாறி வந்தன. தவிட்டு வம்சத்துச் சேவலை வெள்ளை முட்டைப் பெட்டையோடு விட்டபோதும் அப்படித்தான். சவேரி சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை.

சவேரி குடியிருந்த லகாட் ஈப்போவிலிருந்து ஒன்றும் தூரமில்லை. போய்ச் சொல்லவில்லை. அவர் ஒருமுறை வந்து என்னோடு சண்டை போட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். வராமலே இருந்தது அவர் பிடிவாதம் என்று இப்போதும் சொல்வேன். என் பிடிவாதம் அதைவிடப் பெரியது.

தெரிந்தவர்கள் இனியாவது அவரைச் சவேரிமுத்து என்று சொல்லுங்கள். இன்று காலையும் கூண்டில் அந்த நடு நிறத்தில் இரண்டு முட்டைகள் கிடந்தன. எங்கள் வீட்டில் பல வருடங்களாக அந்த நிறத்துக்குச் 'சவேரி' என்றுதான் பெயர். அது அவர் காதுக்குப் போனதேயில்லை.