கனகம்மாசத்திரம் வரைக்கும்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் ரோட்டில் ஓடி நான் பார்த்தது கொஞ்சம்தான். ஆனால் நின்ற இடத்திலேயே அது ஒருநாள் ரொம்ப தூரம் ஓடியது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளானூரில் அப்போது மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அது சித்தப்பாவுடையது. அவர் அம்பத்தூரில் ஒரு மோட்டார் ஷெட்டில் வேலை பார்த்தார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுப்போன வண்டி அது. கைக்கு வரும்போதே கிழடு. குள்ளமான, நீண்ட வண்டி. சித்தப்பா உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதியும். பச்சை டாங்கி, அதற்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு, அதற்கும் பின்னால் தலையணை மாதிரி ஒரு சின்ன சீட்டு. வேகமாகப் போகத் தெரியாது அதற்கு. "ஓடறதுக்கு இல்ல இது, போறதுக்கு" என்பார் சித்தப்பா. எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பட்டது.

சித்தி திருத்தணிக்காரி. கல்யாணமாகி வந்த புதிது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத் தெருவில் போவது கிடையாது. மோட்டார் சைக்கிளில் ஒட்டிக்கொண்டு போவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் சித்தப்பா வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் போவார். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீரை பறிக்கப் போகிறவள் மாதிரி கிளம்புவாள். துணைக்கு நான். பனைமரங்களைத் தாண்டியதும் கூடை புதருக்குள் போகும். டாங்கி மேல் நான், சீட்டில் சித்தப்பா, பின்னால் சித்தி. எனக்காகத்தான் அந்தச் சவாரி என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை திருவள்ளூர் வரைக்கும் போனோம். அங்கே செயின் அறுந்தது. ரோட்டோரம் புளியமரத்தடியில் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, சித்தப்பா ஒவ்வொரு சாமானாகக் கழற்றிச் சித்தியின் முந்தானையில் போட்டார். கழற்றியது ஏன், திரும்ப மாட்டுவது எப்படி என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். செயினுக்குச் சம்பந்தமில்லாததையும் கழற்றிக் காட்டினார். விரல் நுனி அளவுக்கு ஒரு கரித்துண்டு, அதன் தலையில் சுருள் கம்பி. "இத்தனூண்டுதான். ஆனா இது இல்லன்னா பொறி வராது. பொறி இல்லன்னா வண்டி பொணம்" என்றார். சித்தி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. திருத்தணி ரோட்டைப் பார்த்தபடி சித்தி நின்றாள்.

"ஆடிக்குப் போலாம். உங்கம்மா ஊட்டு வாசல்லியே கொண்டாந்து எறக்கறேன், பாரு" என்றார் சித்தப்பா.

ஆடி வருவதற்குள் அவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆள் அங்கே வேண்டுமாம். கப்பலேறினார். மலேயாப் பக்கம் என்றார்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சேதி வருவதே நின்றுவிட்டது.

போகும்போது வண்டியைச் சித்தியிடம்தான் ஒப்படைத்தார். வாரம் தவறாமல் கிக்கரை உதைத்து எஞ்சினைச் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துரு ஏறி இறுகிவிடும் என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சித்தி தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்ததும், ஆம்பிளைகள் கழனிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மாட்டுக் கொட்டகைக்குள் போவாள். கோணி போர்த்திய வண்டி அங்கேதான் பின் ஸ்டாண்டில் நிற்கும். சக்கரம் தரையில் பட்டால் டயர் வீணாகும் என்று முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகை வைத்திருந்தாள். யுத்த நாளில் மோட்டார் எண்ணெய்க்கு எங்கே போவது? விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டுச் செயினில் கண்ணிக்குக் கண்ணி தடவுவாள். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பாள். அந்தக் கரித்துண்டை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பாள். அப்புறம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைப்பாள். ஸ்டார்ட் பண்ண மாட்டாள். ஒரு பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. கார்க்கைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அது அவர் வந்து இறங்கியதும் ஊற்றுவதற்கு.

"மாட்டுக்குத் தண்ணி காட்டறியோ இல்லியோ, வண்டிக்கு எண்ண காட்டிடுவே" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

"மாடு கத்தும் அக்கா. இது வாயில்லாத சீவன்" என்பாள் சித்தி.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவும் சித்தியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே கிடையாது. தம்பி பெண்டாட்டி, புருஷனின் அண்ணனான மூத்தார் எதிரில் நிற்கக் கூடாது. பேச்சு வேறு ஆள் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். "பாப்பா, சித்தியக் கேளு, கன்னுக்குட்டிய அவுத்து உட்டாச்சான்னு" என்பார் நைனா. கதவுக்குப் பின்னால் சித்தி காதில் அது நன்றாக விழும். இருந்தாலும் நான் போய்க் கேட்க வேண்டும். "ஆச்சின்னு சொல்லு" என்பாள். அதுவும் நைனா காதில் விழும். இருந்தாலும் நான் வந்து சொல்ல வேண்டும். எதற்கு இந்த வேலை என்று எனக்கு அலுப்பாக இருக்கும்.

பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே நைனா அம்மாவிடம் சொன்னார், வண்டியைப் பூந்தமல்லி பாய் ஒருவர் கேட்கிறார், காலையில் வந்து பார்ப்பார் என்று.

"உங்க தம்பி வந்து கேட்டா?" என்றாள் அம்மா.

"வரட்டும். வந்தா வேற வாங்கலாம்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கொட்டாயில நொழைஞ்சா அதுதான் எதுர்ல நிக்குது. மாடு கறக்க முடியல என்னால."

சித்தி கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். ஏதாவது சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

மறுநாள் பாய் வந்தார். நல்ல மனுஷர். எனக்குப் பொட்டலத்தில் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். கோணியை எடுத்ததும் செயினைத் தொட்டுப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, மணவறையில ஒக்கார வெச்ச மாதிரி வெச்சிக்கினு கீறே" என்றார். தான் கொண்டுவந்த பெட்ரோலைக் கொஞ்சம் டாங்கியில் ஊற்றி, உதைத்தார். ஒன்றும் இல்லை. திரும்ப உதைத்தார். குல்லா கீழே விழுந்தது. எடுத்து என் தலையில் வைத்துவிட்டு மறுபடியும் உதைத்தார். நைனா உதைத்துப் பார்த்தார். ஒரு தும்மல்கூட வரவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாராவாரம் சித்தி அவ்வளவு பாடுபட்டும் இந்த வண்டி இப்படி மானத்தை வாங்குகிறதே என்று. ஜன்னல் பக்கம் பார்த்தேன். சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முந்தானை நுனியில் சின்னதாக ஒரு முடிச்சு. அதை உருட்டிக்கொண்டே இருந்தாள். முகத்தில் கவலையே இல்லை. அதுகூட எனக்குக் கோபம்தான்.

பாய் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எஞ்சின் செத்துப்போச்சி அண்ணாத்தே. உயிரோட இருந்தா ஏறி ஓட்டிக்கினு போயிருப்பேன். சரி, உடு. கழட்டிக்கிறேன். இந்த நாள்ல டயருக்கு அடிச்சிக்கிறானுங்க. செயின் ஒருத்தனுக்கு, டாங்கி ஒருத்தனுக்கு. நாளைக்கி மாட்டு வண்டி கட்டிக்கினு ஆளோட வரேன்."

"ஊத்தின பெட்ரோலு?" என்றார் நைனா.

"கெடக்கட்டும் போ. செத்தவனுக்கு ஊத்தின பாலு."

நான் திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் சித்தி இல்லை.

மத்தியானம் நைனாவும் அம்மாவும் கழனிக்குப் போய்விட்டார்கள். சித்தி கொட்டகைக்குள் போவதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அந்தக் கரித்துண்டு.

"தொலைஞ்சி போச்சா சித்தி? எங்க கெடச்சிது?" என்றேன்.

சித்தி அதை முந்தானையில் துடைத்தாள். அதை இடத்தில் வைத்துத் திருகினாள். ஏணியைப் போட்டு ஏறி உத்தரத்திலிருந்த பாட்டிலை அவிழ்த்தாள். மெழுகைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, அவ்வளவு பெட்ரோலையும் டாங்கியில் ஊற்றினாள்.

"சித்தப்பா வந்தா ஊத்தறதாச்சே" என்றேன்.

"நாளைக்கி வண்டியே இருக்காதுடி."

உதைத்தாள். இரண்டாவது உதையில் வண்டி எழுந்துவிட்டது. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டன. தூசியும் புகையுமாகக் கொட்டகை நிறைந்தது. டாங்கியின் பக்கத்திலிருந்த கியரை அவள் தள்ளியதும், ஸ்டாண்டின் மேல் தூக்கி நின்ற பின் சக்கரம் காற்றில் சுற்ற ஆரம்பித்தது. சித்தி புடவையை ஒதுக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பழையபடி டாங்கி மேல் ஏறச் சொன்னாள்.

"எங்க போறோம்?"

"திருத்தணிக்கி."

எனக்கு ஒரே சந்தோஷம். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சித்தி சொல்லிக்கொண்டே வந்தாள். ஆவடி தாண்டியாச்சி. பட்டாபிராம். இதோ நெமிலிச்சேரி, ரயில்கேட்டு சாத்தியிருக்கு, கொஞ்சம் நில்லு. திருநின்றவூர். கோபுரம் தெரியுதா பாரு. செவ்வாப்பேட்டை. நானும் பார்த்தேன்; எனக்கும் தெரிந்தது. திருவள்ளூர் வந்ததும் அந்தப் புளியமரத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். அங்கே நிற்கவில்லை. அதற்கப்பால் எனக்குத் தெரியாத ஊர்கள்.

டாங்கி சூடாக இருந்தது. பின்னால் நகர்ந்து தோல் சீட்டில் உட்காரப் போனேன்.

"அது மேல ஒக்காராத" என்றாள்.

"காலியாத்தானே கீது?"

"ஒக்காராதன்னா ஒக்காராத."

சித்தி என்னை அதட்டியது அன்று ஒருநாள்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ரயில்ல போனா சீக்கிரமாப் போயிடலாம்" என்றேன், வேண்டுமென்றே.

"ரயில்ல யாரு வேணா போவலாம்டி" என்றாள். அவள் இரண்டு கைகளும் காலி சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தன. கண்ணை மூடியிருந்தாள். ரோட்டைப் பார்க்காமல் ஊர்ப் பெயர் எப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு ஆச்சரியம்.

அப்போதுதான் நைனா ஓடிவந்தார். கழனிச் சேறு முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தது. துண்டு எங்கோ விழுந்துவிட்டது. அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, எப்படா வந்தே" என்று கத்திக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார். டாங்கி மேல் என்னைப் பார்த்தார். பின்னால் சித்தியைப் பார்த்தார். நடுவில் பார்த்தார்.

சித்தி பதறி இறங்கவில்லை. மூத்தார் எதிரில் முதல்முறையாக உட்கார்ந்தே இருந்தாள். முந்தானையை மட்டும் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வண்டி இருமியது. பிறகு தானாகவே நின்றது. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

பெட்ரோலை வீணடித்ததற்கும், மாடுகளை மிரட்டியதற்கும் நைனா கத்தப் போகிறார் என்று பயந்தேன். "நாங்க திருத்தணிக்கிப் போய்க்கினு இருந்தோம் நைனா" என்று முந்திக்கொண்டேன்.

நைனா தூணைப் பிடித்துக்கொண்டார். மாட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கேட்டார்.

"பாப்பா, சித்தியக் கேளு. எது வரைக்கும் போச்சின்னு."

சித்தி எனக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தாள். "எது வரைக்கும் போச்சி சித்தி?"

"கனகம்மாசத்திரம் வரைக்கும்னு சொல்லு."

"கனகம்மாசத்திரம் வரைக்குமாம் நைனா."

"அப்ப இன்னும் கொஞ்ச தூரந்தான்னு சொல்லு" என்றார். கோணியை எடுத்து உதறி, சித்தி இறங்கும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் வண்டியின் மேல் போர்த்தினார். தோல் சீட்டின் மேல் போர்த்தும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாகப் போனது. அன்றைக்குப் பொழுதோடு பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பி, பாயை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டி ஓடுகிறது என்று தெரிந்ததால் விற்காமல் வைத்துக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

யுத்தம் முடிந்து எத்தனையோ பேர் திரும்பி வந்தார்கள். சித்தப்பா வரவில்லை. சித்தி வெள்ளிக்கிழமைகளில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு கொட்டகைக்குள் போவது, நான் கல்யாணமாகிப் போகும்வரை நின்றதில்லை.

கனகம்மாசத்திரம் வரைக்கும் போன அன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். ஏன் என்று அம்மா கேட்டாள். எனக்கு அந்த நாளில் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு தூரம் போனோம். அவ்வளவு நேரமும் சீட்டு சும்மாத்தான் இருந்தது. அதில் என்னைக் கொஞ்ச நேரம் உட்காரவிட்டால் என்ன?

"சித்திக்கி ரொம்பத்தான் கருமித்தனம்" என்றேன்.

அம்மா சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து சித்தி இருந்த கொட்டகைப் பக்கம் போனாள்.