பக்க எண்ணையும் வாசித்த பிள்ளை

சுன்னாகத்துக்குப் போகும் பஸ்ஸில் யாரோ ஒருவருடைய போன், வந்த செய்தியை வாசித்துக் காட்டியது. மூச்சு வாங்காத பெண் குரல். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, நிற்கக் கூடாத இடத்தில் நின்று நின்று போகிற குரல். கேட்டதும் கம்ஷிகா நினைவுக்கு வந்துவிட்டாள். இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். எங்கள் பள்ளிக்கூடம் வீட்டுவேலையை இன்னும் வட்ஸ்அப்பில்தான் வாங்குகிறது. கொரோனாவோடு வந்த பழக்கம், நோய் போன பிறகும் போகவில்லை. எட்டாம் வகுப்பில் கம்ஷிகாவின் கட்டுரைதான் முதலில் வரும். பிழையே இராது. கல்வி வலயத்திலிருந்து அதிகாரிகள் வந்தபோது அதிபர் அதைத்தான் திரையில் போட்டுக் காட்டினார். தவணைப் பரீட்சையில் மட்டும் விழுந்துவிடுவாள். பரீட்சைப் பயம் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று போனாள். ஒரு வசனத்தின் நடுவில், அதே வேகத்தில், "பக்கம் நாற்பத்து மூன்று" என்றும் சொல்லிவிட்டு மிச்சத்தைத் தொடர்ந்தாள். வகுப்பு சிரித்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். புத்தகம் வேறு பாடத்தில் திறந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"இதை ஆர் உனக்கு வாசிச்சுக் காட்டினது?"

"போன், சேர். படம் எடுத்தால் அது வாசிக்கும். நான் சொன்னால் அது எழுதும்."

"உனக்கு எழுத்துத் தெரியாதோ?"

"படம் மாதிரிப் பார்த்துக் கீறுவன் சேர்."

உண்மைதான். கரும்பலகையில் இருப்பதை அச்சுப்போலக் கீறிவிடுவாள். எழுத்து மனதில் இறங்க வேண்டிய இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. திறந்தது, பூட்டியது, பிறகு பெற்றோல் இல்லையென்று மறுபடி பூட்டியது. நாங்களோ வருசா வருசம் அவளை மேல் வகுப்புக்கு ஏற்றிக்கொண்டே இருந்தோம்.

அதிபரிடம் போனேன்.

"பேசாமல் இரும் மாஸ்டர். வலயத்திலை இப்பதான் எங்களுக்கு ஒரு பேர் வந்திருக்கு. அவளுக்கு எழுத்துத் தெரியாதெண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

"அவள்தான் சொல்லோணும் சேர். ஓ.எல். சோதனைப் பேப்பரிலை."

கம்ஷிகா கேட்டது ஒன்றே ஒன்று. "வகுப்பிலை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது சேர். அப்படியெண்டால் படிக்கிறன்."

பூட்டிக் கிடந்த ஆய்வுகூடத்தில், மதிய இடைவேளையில் தொடங்கினோம். ட. ப. ம. விரலை எழுத்தின் மேல் வைத்து, அது ஓடிவிடும் என்பதுபோல அழுத்திக்கொண்டு வாசிப்பாள். அந்தப் போன் குரல் அவளிடமிருந்து மெல்லக் கழன்றது. முதலாம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தன் சொந்தக் குரலில், மூச்சு வாங்கி வாங்கி, முழுதாக வாசித்து முடித்த அன்று யன்னலுக்கு வெளியே ஒரு போன் இருந்திருக்கிறது.

பின்னேரம் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ. கீழே, "எட்டாம் வகுப்பு பேபி". சிரிக்கும் முகங்கள் என் போனிலும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. குழுவை நடத்துகிறவன் நான், அழித்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவள் வரவில்லை. மருதனார்மடம் சந்தையில் தாய் மரக்கறி விற்கிறவர். தேடிப் போனேன். கம்ஷிகா பக்கத்தில் இருந்து வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"விடுங்கோ சேர்," என்றார் தாய். "இஞ்சை இருந்தால் ஒருத்தரும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க மாட்டினம்."



புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பிழையே இல்லாத வேலை வந்தால், மகிழ முதல் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒரு வரி வாசிக்கக் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள்.

அன்று சந்தையிலிருந்து புறப்பட்டேன். பின்னால் கம்ஷிகாவின் குரல்.

"சேர், அந்த வீடியோவிலை நான் வாசிச்சது சரியோ?"

"ஓம் பிள்ளை. ஒரு எழுத்தும் பிழையில்லை."

"அப்ப ஏன் சேர் சிரிச்சவை?"