வட்டத்தின் வாசலில் ஒரு சூலம்

நிலத்தடியில் தொன்மையான எதையாவது கண்டவர் உடனே மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் உடனே மேலே தெரிவிக்க வேண்டும். விதி தெளிவானது. 'உடனே' என்றால் எத்தனை நாள் என்பது மட்டும் அதில் இல்லை. நில அலுவலகத்திலேயே தலை நரைத்தவள் நான். அந்தச் சொல்லின் நீளம் எனக்குத் தெரியும்.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு தோட்டம். எந்தத் தோட்டம், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எனக்கு ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அங்கே எண்ணெய்க்காக வளர்த்த பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு, மண்ணை மூடக் கொடி விதைத்திருந்தார்கள். டிரோன் விட்டு மருந்து தெளிக்கும் என் தம்பி, மழையில்லாத ஒரு மாதத்தில் மேலிருந்து எடுத்த படத்தோடு கோல சிலாங்கூரில் என் வீட்டுக்கு வந்தான். காய்ந்த கொடிக்கு நடுவே இரண்டு பச்சை வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. கிழக்கே மட்டும் வாசல் போல ஓர் இடைவெளி.

“பறக்கும் தட்டு எறங்கிருச்சாக்கா?”

“தூந்துபோன அகழிடா. அதுல ஈரம் நிக்கும். அதான் அங்க மட்டும் பச்சை.”

அந்தத் தோட்டத்தின் நில அளவைப் படங்கள் அத்தனையும் என் கையில் புழங்கியவை. வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் நேர்கோட்டில்தான் வெட்டினான். வட்டம் அவனுக்கு முந்தியது. எவ்வளவு முந்தியது என்பதை விவரம் தெரிந்தவர் யாராவது வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த திங்கட்கிழமை மண்வாரி வந்து வடிகால் வெட்டப்போகிறது, வட்டத்தின் குறுக்கே.

மனுவின் மூன்று பிரதிகள், படம், நில எண் எல்லாவற்றோடும் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண்.

“இது பழசுன்னு ரிப்போர்ட் இருக்கா ஆன்ட்டி?”

“தோண்டிப் பாத்தாதானம்மா தெரியும்.”

“தோண்ட பெர்மிட் இருக்கா?”

“பழசுன்னு தெரிஞ்சாதானே பெர்மிட் குடுப்பீங்க?”

“ஆமா லா, ஆன்ட்டிக்கே தெரியுது.”

மனு வந்து சேர்ந்ததற்கு ஒரு 'சாப்', அதாவது முத்திரை, குத்திக் கொடுத்தாள். அந்த முத்திரையைத் தோட்ட மேலாளரிடம் காட்டினேன். வேலையை நிறுத்தச் சொல்லும் கடிதம் இருந்தால் நிறுத்துகிறேன் என்றார். நியாயம்தான். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை தம்பி, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரை அழைத்து வந்தான்.

“கடுதாசிக்கு மெஷின் நிக்காதும்மா. முனிக்குத்தான் நிக்கும்” என்றார் அவர்.

“அனுமதியில்லாம சாமி வைக்கக் கூடாது. அது குத்தம்.”

“அக்கா, மூணு காப்பி எடுத்து முனிகிட்டயும் ஒரு சாப் வாங்கிக்க லா” என்றான் தம்பி.

ஞாயிறு காலை, வட்டத்தின் வாசலில் மண்டோர் ஒரு சூலம் நட்டார். பக்கத்தில் மஞ்சள் பூசிய கல், சிவப்புத் துணி, சுருட்டு. எலுமிச்சம்பழம் நான் வாங்கியது. இப்படிப்பட்ட எத்தனையோ சூலங்களை அகற்றச் சொல்லி நோட்டீஸ் தட்டச்சு செய்த கை என்னுடையது.

திங்கட்கிழமை மண்வாரி ஓட்டுநர் துணியைப் பார்த்ததும் இறங்கினார். காலணியைக் கழற்றினார், கும்பிட்டார். பிறகு வடிகாலை வட்டத்துக்கு வெளியே வளைத்து வெட்டினார். தம்பி அனுப்பிய புதுப் படத்தில், வளைந்த வடிகாலையும் சேர்த்து இரண்டரை வட்டங்கள் இருந்தன. கோணல் வடிகாலைப் பார்த்த மேலாளர் கோபத்தில் சூலத்தைப் பற்றி அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினார். ஆனாலும் சூலத்தைப் பிடுங்கச் சொன்னபோது தோட்டத்தில் ஒருவரும் முன்வரவில்லை; அவரும் போகவில்லை. வடிகாலை நேராக்க மறுபடி மண்வாரிக்குச் சொல்லிவைத்தார்.

மேலாளருக்குப் பதில் வந்தது. மண்டோர் நகலை எனக்குக் காட்டினார். தொன்மை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அனுமதியற்ற வழிபாட்டிடம் குறித்த புகார் விசாரணையில் உள்ளது. முடியும்வரை அதைச் சுற்றியுள்ள நிலத்தில் எந்த வேலையும் செய்யக் கூடாது. வாசகம் எங்கோ படித்ததுபோல் இருந்தது. பணியில் இருந்தபோது நான் எழுதிவைத்த மாதிரிக் கடிதம்தான், ஓர் எழுத்து மாறவில்லை.

நான் கொடுத்த மூன்று பிரதிகளுக்கு இன்னும் பதில் இல்லை. மேலாளருக்குப் பதில் வந்த நாள்தான் முனிக்கு முதல் பொங்கல் வைத்த நாளும்: ஆடி முதல் வெள்ளிக்கிழமை.