அரை மணி நேர ஊர்

கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை வைத்திருப்பவனைக் கையிலிருக்கும் விளையாட்டு அவ்வளவாகப் படுத்தாது. வரப்போகிற விளையாட்டுதான் படுத்தும். என்னைப் போல பிரவுசிங் சென்டர் நடத்திப் பாடுபட்டவர்களுக்கு இது புரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் நண்பன் தனசேகரும் கடை போட்டிருந்தோம். பாதி இடத்தில் என் கம்ப்யூட்டர்கள், மீதியில் அவனுடைய டைப்ரைட்டிங் கிளாஸ். பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில், வெளிவரப்போகும் விளையாட்டு ஒன்றின் டெமோ இருந்தது. முழுசாக ஒரு ஊர். எந்தத் தெருவிலும் நுழையலாம், எந்த வண்டியையும் ஓட்டலாம். அரை மணியில் தானாக நின்றுவிடும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டைப்ரைட்டர்களைத் தூக்கிவிட்டு இதற்கென்றே புது மெஷின்கள் போடலாம் என்றேன். தனசேகர் சொன்னான்: "மொதல்ல நாலு பேர ஆடவுட்டுக் கேளுபா."

சிக்னலில் நின்றவர்

முதல் ஆள், ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் குமார். சிவப்பு விளக்குக்கெல்லாம் நின்றார். ஓரமாகவே ஓட்டினார். "இடிங்க, ஒண்ணும் ஆகாது" என்று பின்னால் நின்று நான்தான் துடித்தேன். அவர் கேட்கவில்லை. அரை மணி முடிந்து எழுந்தபோது முகத்தில் களையே இல்லை.

"ரோடெல்லாம் சூப்பரா இருக்குதுபா. ஆனா நானும் சுத்திக்கினே இருக்கேன், கை காட்ட ஒரு ஆள் இல்லியே!"

ஒரே கவுன்

அடுத்து ரேவதி. கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுபவர், பிரிண்ட் எடுக்க வருவார். கெஞ்சி உட்கார வைத்தேன். வண்டி பக்கமே போகாமல் கடைத்தெருவில் நின்று, போகிற வருகிறவர்களையே பார்த்தார். 'கிராபிக்ஸில் மயங்கிவிட்டார்' என்று நான் சந்தோஷப்பட்டேன்.

"பத்து பொம்பளைங்க போனாங்க சார், பத்து பேருக்கும் ஒரே கவுன். இவ்ளோ பெரிய ஊர்ல டிசைன் போட ஒருத்தர்கூட இல்லியா?"

மாடிமேல்

மூன்றாவது, சின்ன காஞ்சிபுரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரானவர். மகளுக்கு மெயில் அனுப்ப வந்தவரைப் பிடித்து உட்கார வைத்தேன். படிக்கட்டு ஒன்றைக் கண்டுபிடித்து உயரமான கட்டடத்தின் உச்சிக்கு ஏறினார். அங்கேயே நின்றுவிட்டார். கீழே கடலில் சூரியன் இறங்கியது. மவுஸைக்கூட அவர் அசைக்கவில்லை. திரை அணைந்ததும் திரும்பினார்.

"ஒண்ணுமே பண்ணாம அரை மணி போயிடுத்து. ரிடையரானப்புறம் மனசு இவ்ளோ லேசா இருந்ததே இல்லே."

விரைவில்

மூன்று பேரில் கடைசி ஆள் சொன்னது மட்டும்தான் என் காதில் ஏறியது. ஒரே வாரத்தில் டைப்ரைட்டர்கள் போயின. தனசேகரின் மாணவர்கள் வேறு கிளாஸ் தேடிக்கொண்டார்கள். புது மெஷின்கள் வந்தன, வாசலில் 'விரைவில்' என்று போர்டும் தொங்கியது. அடுத்த மாதப் பத்திரிகையில் இரண்டே வரி: வெளியீடு தள்ளிவைப்பு, தேதி பிறகு.

தனசேகர் கிளாஸ் இருந்த பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"ஊரு பூரா சுத்தலாம்னு சொன்னியேபா, இப்ப நீ ரூமுக்குள்ளயே சுத்திக்கினு இருக்க."

வெளிவராத ஒரு விளையாட்டில் முதல் ஆளாகத் தோற்றவன், எனக்குத் தெரிந்து நான்தான்.