அப்பா அடைத்த ஓட்டை

எங்கள் கார் சிக்னலில் நின்றதும் என்ஜின் தானாக அணைந்துவிடும். உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. பச்சை விழுந்து காலை அழுத்தினால் பேட்டரியின் பலத்தில் சத்தம் போடாமல் நகரும். வேகம் கூடிய பிறகுதான் என்ஜின் விழித்துக்கொண்டு கூடச் சேரும். ஹைப்ரிட் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஆனால் 2010 ஜூலையில், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், முதல் சிக்னலிலேயே என் அப்பா பின்சீட்டுக் கதவைத் திறந்து ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டார்.

"வண்டி நின்னு போச்சு மாப்ள. நீங்க கியரப் போடுங்க, நான் தள்ளுறேன்."

ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் செல்வம் பதறிப்போய், "மாமா, ஏறுங்க மாமா, நிக்கல, ஓடிட்டுத்தான் இருக்கு!" என்று கத்தினார். ஓடுகிற வண்டி ஏன் இப்படி ஊமையாக நிற்கிறது என்பது அப்பாவுக்கு விளங்கவில்லை. ஒன்றரை நாள் விமானத்தில் முடங்கி வந்த மனிதர், புது ஷூவோடு அமெரிக்க மண்ணில் கார் தள்ளத் தயாராக இறங்கியதை நினைத்து நான் வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்துக் காரிலிருந்த அம்மாள் மட்டும் கடைசி வரை சிரிக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி என்றாலே சத்தம்தான். கம்பத்திலிருந்து எங்கள் காமயகவுண்டன்பட்டிக்கு வருகிற டவுன் பஸ் எந்த வளைவில் திரும்புகிறதென்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடலாம். மேட்டுக்கு ஏறுகிற எஸ்டேட் ஜீப்பும், கரம்பை நிலத்தில் இறங்கிய டிராக்டரும் அப்படித்தான். சத்தம் வராத வண்டி ரிப்பேரான வண்டி. 1996இல் கல்யாணமாகி சாக்ரமெண்டோ வந்த நாளிலிருந்து அப்பாவை நான் கூப்பிடாத வருஷமில்லை. திராட்சைத் தோட்டத்தை யார் பார்ப்பது என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் போனில் அவராகவே கேட்டார்.

"அங்கனயும் திராட்சை போடுறாகளாம்ல ஆத்தா? அந்தத் தோட்டத்துல ஒரு நா என்னைய நிப்பாட்டிரு. வேற எதையும் காட்ட வேணாம்."

பதினாலு வருஷத்தில் அப்பா என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது. கூடப் பிறந்தவர்கள் எல்லாம் பத்து மைலுக்குள் வாக்கப்பட்டிருக்க, நான் மட்டும் இவ்வளவு தூரம் வந்ததில் அவருக்கு மனத்தாங்கல் உண்டு, சொல்ல மாட்டார். என் ஊரில் அவர் ஒரு நாளாவது நிறைவாக நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கூட இருக்கும் டயானின் குடும்பத்துக்கு, நாற்பது மைல் தள்ளி லோடை என்ற ஊரில் திராட்சைத் தோட்டம். அறுவடை மெஷின் இறங்குவதற்கு முன்னால் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னாள். ஊர் திரும்ப அப்பாவுக்கு அடுத்த திங்கட்கிழமை விமானம்.

சாக்ரமெண்டோ வெயில் நம் சித்திரையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அந்த வெயிலில் அப்பா ஏ.சி. வேண்டாம், மூட்டுக்கு ஆகாது, கண்ணாடியை இறக்கு என்பார். இறக்கினோம். ஒரு மாதம் போனது. சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்பு கடைக்குப் போகிற வழியில், பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து ஹேர் டிரையர் போல ஒரு விசிறி இரைய ஆரம்பித்தது. பேட்டரி அளவைக் காட்டும் கோடு நிறைந்து, மறு நிமிஷமே வடிந்து, மறுபடி நிறைந்தது. அப்புறம் டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தது. வண்டி இழுவையில்லாமல் முக்கி முக்கி வீடு வந்து சேர்ந்தது.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "நா வந்த ராசி. ஏழு வருசம் ஓடுன வண்டி நா ஏறுனதும் படுத்துருச்சு."

"வாடகைக்கு வேற வண்டி எடுத்துக்கலாம் மாமா," என்றார் செல்வம்.

"வேணாம் மாப்ள. அதும் படுத்தா என்ன செய்வீக? தோட்டத்தப் பாக்க எனக்கு விதிக்கல, விடுங்க."

அப்பா ஒருமுறை விடுங்க என்றால் விட்டதுதான். இனி இந்த வண்டி ஓடினாலொழிய அவர் லோடைக்கு வர மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் பார்த்தால், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர் பேட்டரிக்கு மாசம் ஒருமுறை மூடியைத் திருகி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, முனையில் பூத்த உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி, கிரீஸ் தடவி வைக்கிற கை அது. இந்த வண்டியின் பேட்டரிப் பெட்டிக்கு மூடியே இல்லை என்றதும், "தண்ணி குடிக்காத பேட்டரி எம்புட்டு நாளைக்கு உசுரோட இருக்கும்?" என்று என்னைக் கேட்டார். அதன் மேல் ஆரஞ்சு நிற வயரைப் பார்த்ததும் செல்வம் அவரை இழுத்துப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தார். தொட்டால் ஆளையே தூக்கிவிடும் மின்சாரம் அது.

ஹைப்ரிட் பேட்டரி மட்டுமே பார்க்கிற ஹெக்டர் என்ற மெக்ஸிகோக்காரரின் பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். அப்பாவும் வந்தார். ஹெக்டர் பேட்டரிப் பக்கமே போகவில்லை. நேராகப் பின்சீட்டின் ஓரத்தில், கை வைக்கும் இடத்துக்குக் கீழே, ஜன்னல் போலக் கம்பிகள் உள்ள ஒரு துவாரத்தில் விரலை விட்டார். உள்ளேயிருந்து வெள்ளைத் துணி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் பச்சைக் கரையும் வந்தது. அப்பாவின் வேட்டி.

ஹெக்டர் துணியைத் தூக்கிப் பிடித்து, எலி கொண்டுவந்து கூடு கட்டியிருக்கிறதா என்று கேட்டார். நான் அப்பாவிடம் சொன்னேன்.

"எலிக்குத்தான்!" என்றார் அப்பா பெருமையாக. "வந்த மறு வாரமே பாத்தேன். எம்புட்டு அழகான வண்டி, இங்கன ஒரு ஓட்டைய விட்டு வச்சிருக்காக. நாந்தான் கிழிச்சு அடைச்சேன்."

எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் பத்தாவது படிக்கும்போது, தேனிக்குத் திராட்சை ஏற்றிப் போக டிராக்டரை எடுத்தால் எடுக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக எலி உள்ளே புகுந்து வயர் அத்தனையையும் கொறித்துப் போட்டிருந்தது. வெட்டி வைத்த பழம் பெட்டியிலேயே நீர்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த வண்டியிலும் விரல் நுழைகிற சந்து இருந்தால் அதில் அப்பாவின் பழைய வேட்டி இருக்கும். எங்கள் ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் கோமணம் கட்டிக்கொண்டு ஓடும்.

அது ஓட்டையில்லை, பேட்டரி மூச்சு விடுகிற மூக்கு என்று ஹெக்டர் சொன்னதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். காருக்குள் இருக்கிற காற்றை அந்த வழியாக இழுத்துத்தான் விசிறி பேட்டரியைக் குளிர வைக்கிறது. மூக்கை அடைத்து, ஏ.சி.யும் இல்லாமல், இந்த வெயிலில் ஓட்டினால் வெந்துபோகும். அப்பா கையிலிருந்த துணியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அறுபத்தாறு வயது மனிதர் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஹெக்டருக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. மேஜைக்கடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். இதே மூக்குகளிலிருந்து அவர் எடுத்த பொருள்கள்: குழந்தையின் காலுறை, மிட்டாய்த் தாள், ஒரு முழுத் தலையணைக்குக் காணும் நாய் முடி. ஒரு பெண்மணியின் நாய் பின்சீட்டில் படுத்துப் படுத்தே ஐந்து வருஷத்தில் பேட்டரியை முடித்துவிட்டதாம். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நாய் செஞ்ச வேலையத்தான் நானும் செஞ்சிருக்கேன்," என்று அவரே சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பழி முழுக்க வேட்டியின் மேல் இல்லை என்றும் ஹெக்டர் சொன்னார். எட்டு வருஷம், பத்து வருஷம் உழைக்கிறவை இந்தப் பேட்டரிகள்; நன்றாக வைத்துக்கொண்டால் அதற்கு மேலும் போகும். தினமும் ஓடுகிற டாக்ஸியில் நெடுநாள் வரும். ஓடாமல் கிடந்தால் சீக்கிரம் சாகும். போன வருஷம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் காரைப் பூட்டிப் போட்டிருந்தோம் நாங்கள். ஆக, செல்வத்துக்கும் எனக்கும் பங்கு உண்டு. ஹெக்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். புத்தகம் அடுக்கினாற்போல இருபதுக்கும் மேற்பட்ட பேட்டரிக் கட்டைகள், ஒன்றோடொன்று செப்புத் தகட்டால் கோத்தவை. செம்பில் பச்சையாகக் களிம்பு. நடுவில் சூடு அதிகம் பட்ட ஒன்று மட்டும் உப்பியிருந்தது. அது ஒன்று சோர்ந்ததும் மற்ற எல்லாம் சேர்ந்து சோர்ந்துவிட்டன.

"சோடி மாட்டுல ஒண்ணு படுத்தா வண்டியே படுத்த மாதிரித்தான்," என்றார் அப்பா. இதை மொழிபெயர்த்ததும் ஹெக்டர் அவர் தோளில் தட்டினார். விபத்தில் நசுங்கிய இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து பலம் ஒத்த ஒரு கட்டையைத் தேடி எடுத்து வைத்து, தகடுகளைத் தேய்த்து, இரண்டு நாள் சார்ஜ் ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்தத் தேய்க்கிற வேலையில் ஒரு கம்பித்தூரிகை அப்பா கையிலும் இருந்தது. ஆரஞ்சு வயர் கழற்றிய பிறகுதான். "இது ஒட்டுத்தான். மற்றதெல்லாம் ஏழு வயதுக் கட்டைகள். ஆறு மாதமும் ஓடலாம், இரண்டு வருஷமும் ஓடலாம். பிறகு முழுசாக மாற்றத்தான் வேண்டும்," என்று ஒளிக்காமல் சொன்னார் ஹெக்டர். எனக்குச் சனிக்கிழமை ஓடினால் போதும்.

வெள்ளி சாயங்காலம் வண்டி வந்தது. சனிக்கிழமை காலை அப்பா எல்லோருக்கும் முன்னால் போய் அந்த மூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் என் கைப்பையை அங்கே வைக்கப் போனால், "அங்கன வைக்காத, அது மூச்சு விடணும்," என்று தட்டிவிட்டார். செல்வம் வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏத்துங்க மாப்ள. ஏ.சி.யப் போடுங்க. நல்லா வையிங்க."

"உங்களுக்கு மூட்டு வலிக்குமே மாமா?"

"எனக்கென்ன. அதுக்குக் குளுரணும்ல."

நாற்பது மைலும் அப்பா காதைச் சுற்றித் துண்டு கட்டி, என் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஆகஸ்டு மாத வெயிலில் நடுங்கியபடி பேட்டரிக்குக் குளிர்ச்சி போகிறதா என்று துவாரத்தில் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கு எரியவில்லை. லோடை என்ற பலகையைத் தாண்டியதும் நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினேன்.

டயான் எங்களை வரிசைகளுக்கு நடுவே விட்டுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். எங்கள் கம்பம் பக்கம் கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பிப்பந்தல் போட்டு, அதில் படரவிடுவார்கள். பழம் பந்தலுக்கு அடியில் தொங்கும். இங்கே பந்தல் இல்லை. இடுப்பளவு கம்பியில் கொடியைக் கட்டி நீள நீளமாக விட்டிருக்கிறார்கள். அது கண்ணெதிரே இருந்தும், தோட்டத்துக்குள் காலை வைத்ததும் அப்பாவின் இரண்டு கைகளும் தாமாகத் தலைக்கு மேலே போய்விட்டன. அங்கே கொத்துமில்லை, இலையுமில்லை. வெறும் வெயில்தான்.

நான் அதற்குள் குனிந்து ஒரு கொத்தைக் கையில் ஏந்தியிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. திராட்சை கீழே இருக்கும் என்று என் உடம்பு எந்த வருஷம் கற்றுக்கொண்டதோ தெரியாது.

அப்பா கையை இறக்காமல் என்னைப் பார்த்தார். "குனிஞ்சுட்டியே ஆத்தா," என்றார். குறையாகச் சொல்லவில்லை. என் வீடு இங்கேதான் என்பதை அவர் அன்றுதான் பார்த்தது போலிருந்தது அந்தக் குரல். கொத்தை விடாமல் இன்னொரு கையை அவருடைய கைக்குப் பக்கத்தில் உயரே நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார், நானும்.

அதைச் செல்வம் படம் பிடித்திருக்கிறார். அப்பாவின் கைகள் இரண்டும் மேலே, ஸ்வெட்டரோடு. எனக்கு ஒரு கை கொத்தில், ஒரு கை ஆகாயத்தில்.