இன்டர்வியூ நேரத்துச் சாம்பிராணி

கொரோனா காலத்தில் நான் வேலை பார்த்த உணவகத்தை மூடிவிட்டார்கள். வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் பெனிபிட் பணத்தில்தான் வீடு ஓடியது. அது நிற்காமல் வர வேண்டுமென்றால் விடாமல் வேலை தேட வேண்டும். தேடித் தேடி, கடைசியில் ஒரு முதியோர் இல்லம் வீடியோவில் இன்டர்வியூவுக்கு அழைத்தது.

செவன் கிங்ஸ் பகுதியில் எங்களுடையது சின்ன பிளாட். சாமிப் படங்கள் வைத்த தட்டுக்குப் பக்கத்தில்தான் லப்டொப் வைக்க இடம் இருந்தது. நல்ல காரியமாயிற்றே என்று என் கணவர் சாம்பிராணி போட்டார். அள்ளி அள்ளிப் போட்டார்.

"அவசர நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று திரையில் இருந்த மனேஜர் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார். அதே நேரம் எங்கள் புகை அலாரம் அலறியது.

"இஞ்சேருங்கோ, யன்னலைத் திறவுங்கோ!" என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏலாதப்பா, இறுகிப்போய்க் கிடக்கு!"

மனேஜரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தேன். சாம்பிராணித் தட்டைக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினேன். யன்னலை ஓங்கித் தள்ளித் திறந்தேன். கதிரையில் ஏறி அலாரத்தை நிறுத்தினேன். இந்த வேலையும் போச்சு என்று நினைத்தபடி வந்து உட்கார்ந்தேன்.

மனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்ததற்குப் போவோமா?" என்றார்.

வேலை கிடைத்தது.

"பாத்தீரே, சாம்பிராணியின்ர மகிமையை!" என்று இவர் இன்னும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நானோ, முக்கியமான வீடியோ அழைப்பு என்றால், முதலில் இவரைப் பால் வாங்கக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன்.